கைவியளத்தில் கை யாருடையது?

யப்பானில் படிக்கும் மருமகள் ஒருத்தி போன மாசியில் தொலைபேசியில் கேட்டாள்: "மாமா, இஞ்ச மார்ச் 14 அண்டைக்கு வெள்ளை நாள் எண்டு பெடியள் எல்லாம் பெட்டையளுக்கு இனிப்புக் குடுக்கினம். ஏன் வெள்ளை எண்டு கேட்டா ஆளுக்கொரு கதை சொல்லினம். உங்கட ஊரில வருசத்துக்கு என்ன குடுப்பியள் எண்டு கேட்டவை. கைவியளம் எண்டு சொன்னன். அப்பிடியெண்டா என்ன அர்த்தம் எண்டு கேக்கினம். எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

எனக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. முல்லைத்தீவுக் கரையில் கொக்கிளாயில் பிறந்தவனுக்கு அது வெட்கம்தான். வருடப்பிறப்பன்று மருத்துநீர் வைத்து முழுகி, புது உடுப்போடு வரிசையில் நின்று, அப்புவின் கையிலிருந்து வெற்றிலைச் சுருளை வாங்கியவர்களுக்கு அந்தச் சுருளின் பெயர் ஏன் அப்படி என்று கேட்கத் தோன்றியதே இல்லை. பஞ்சாங்கம் 'கைவிசேடம்' என்று அச்சடிக்கிறது. வாழ்த்து அட்டைக்காரர்கள் பலர் எழுத்தை இடம் மாற்றி 'கைவிஷேசம்' என்கிறார்கள். ஆச்சியின் வாயில் அது எப்போதும் 'கைவியளம்'. ஒரே பொருளுக்கு மூன்று முகம். எது முந்தியது, உள்ளே என்ன பொருள் கிடக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன். கேள்வி யப்பானிலிருந்து வந்ததால் அங்கிருந்தே தொடங்குவது நியாயம்.

வெள்ளை நாளுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. கொடைநாட்களில் இது அபூர்வம். யப்பானில் பெப்ரவரி 14 அன்று பெண்கள் ஆண்களுக்குச் சாக்லேட் கொடுப்பார்கள். அப்போது மறுபக்கத்திலிருந்து எதுவும் திரும்பி வராது. 1977இல் பூகுவோகா நகரத்தில் இஷிமுரா மன்செய்தோ என்ற இனிப்புக்கடையின் முதலாளி, பெண்கள் சஞ்சிகை ஒன்றில் வந்த வாசகி கடிதத்தில் இந்தக் குறையைப் படித்தார். 1905இல் தொடங்கிய அந்தக் கடையின் பெயர்பெற்ற பண்டம் மார்ஷ்மலோ. வெள்ளையாக, மெத்தென்று, பஞ்சுபோல இருக்கும் இனிப்பு. பெண் கொடுத்த சாக்லேட்டை மார்ஷ்மலோவுக்குள் பொதிந்து ஆண் திருப்பிக் கொடுக்கட்டும் என்று முடிவு செய்து, மார்ச் 14ஐ 'மார்ஷ்மலோ நாள்' ஆக்கினார். அடுத்து யப்பானின் மிட்டாய் உற்பத்தியாளர் சங்கம் அதே நாளைத் தன் கைக்கு எடுத்து, 1980இல் 'வெள்ளை நாள்' என்ற பெயரில் நாடெங்கும் கொண்டாடியது. சங்கத்தில் மிட்டாய்க்காரர்கள் பலர் இருக்கும்போது ஒரு கடையின் மார்ஷ்மலோவை நாளின் பெயரில் வைத்திருக்க முடியுமா? சர்க்கரை எல்லோருக்கும் பொது, சர்க்கரை வெள்ளை. இளையோர் காதலின் தூய்மைக்கும் வெள்ளை பொருந்தும் என்று சேர்த்துச் சொன்னார்கள். புனித வலன்ரைன் கொல்லப்பட்டு ஒரு மாதம் கழித்து, அவர் காப்பாற்றிய காதலர் இருவர் மீண்டும் சத்தியம் செய்துகொண்ட நாள் இது என்று ஒரு பழங்கதையும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

ஏறக்குறைய அரை நூற்றாண்டுதான் வயது. பதிவேடு இருக்கிறது, சங்கம் இருக்கிறது, கூட்டம் நடந்த வருடம் தெரிகிறது. அப்படியிருந்தும் மருமகளுக்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால், எழுதப்படாத கொடைப்பெயர்களைப் பற்றி யாராவது மிகத் துப்புரவான ஒரே விளக்கம் சொல்லும்போது கொஞ்சம் தள்ளி நின்று கேட்கப் பழகிக்கொள்ளலாம்.

யப்பானின் கோடைக்காலக் கொடைக்கு 'ஓச்சூகென்' என்று பெயர். மேலதிகாரி, ஆசிரியர், வைத்தியர், மாமனார் என்று கடமைப்பட்டவர்களுக்குப் பழமும் எண்ணெயும் பியரும் அனுப்புவார்கள். பெயரில் கொடை என்ற பொருளே இல்லை. சீனத் தாவோ சமயத்தில் வருடத்துக்கு மூன்று பௌர்ணமிகள் மேல், நடு, கீழ் என்று பெயர்பெற்றவை. நடுவில் வரும் ஏழாம் மாதப் பௌர்ணமிதான் 'சூகென்'. அதே நாளில் பௌத்தர்கள் இறந்தோருக்குப் படையல் வைத்தார்கள். படையலுக்குக் கொண்டுபோன பொருள் உறவுக்காரருக்கும் போயிற்று; நாளின் பெயர் பொருளின் பெயராயிற்று. 1873இல் யப்பான் சந்திரமாதக் கணக்கை விட்டுச் சூரியக் கணக்குக்கு மாறியபின் பௌர்ணமியும் போய்விட்டது. தோக்கியோவில் யூலை, ஒசாகாப் பக்கம் ஓகஸ்ட் நடு வரை என்று இப்போது கடைகளின் விளம்பரம்தான் திதி பார்க்கிறது.

அந்தப் பௌத்தப் படையலின் சீனப்பெயர் 'யூலான்பென்'. தாயைப் பசிப்பேய் உலகிலிருந்து மீட்ட மொகல்லான தேரரின் கதையோடு வருவது. நெடுங்காலமாக இந்தப் பெயரைத் தலைகீழாகத் தொங்குதல் என்ற பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்ததாகச் சொன்னார்கள். நரகத்தில் தொங்கும் உயிர்கள் என்று படமும் வரைந்தார்கள். யப்பானிய அறிஞர் செய்ஷி கராஷிமா அதை மறுத்தார். 'யூலான்' என்பது 'ஓதனம்' என்ற சொல்லின் பேச்சுத் திரிபு, 'பென்' என்பது தட்டு, ஆகவே 'சோற்றுத் தட்டு' என்பதே நேர்ப்பொருள் என்றார். தத்தியோதனம் என்று தயிர்ச்சாதத்தைச் சொல்லிப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. பெரிய தத்துவத்தை உரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கோப்பை சோறு.

நம் கைவியளத்துக்கு நேர்ச்சகோதரம் வெள்ளை நாளும் அல்ல, ஓச்சூகெனும் அல்ல. புத்தாண்டில் பெரியவர் சிறியவருக்குக் கொடுக்கும் 'ஓதோஷிதமா'தான். இன்று அது சின்ன உறைக்குள் புதுத்தாள் காசு. 'தோஷி' என்றால் வருடம். 'தமா' என்றால்? எழுதும்போது மணி, உருண்டை என்ற பொருளுடைய எழுத்தைப் போடுகிறார்கள். ஆனால் காதுக்கு அதே ஒலியில் 'ஆன்மா' என்றொரு சொல் உண்டு. 'அருளிக் கொடுத்தது' என்ற பொருளில் பெரியோரின் கொடையைக் குறிக்கும் சொல்லும் அதே ஒலியில்தான் தொடங்குகிறது. ஆகவே வழக்கு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு கட்சி 'வருடத்தின் பரிசு' என்கிறது. மற்றது 'வருடத்தெய்வத்தின் உயிர்' என்கிறது. புத்தாண்டுக்கு வீட்டுக்கு வரும் தெய்வம் படையலாக வைத்த அரிசிமா உருண்டையில் தங்குகிறது. வீட்டுத் தலைவர் அதைப் பங்கிட்டுக் குடும்பத்தாருக்குக் கொடுக்கும்போது அடுத்த வருடத்துக்கான உயிர்ச்சத்தையே கொடுக்கிறார் என்பது இந்தக் கட்சியின் வாதம்.

எனக்கு இரண்டாவது கட்சிப் பக்கம் சாய்வு உண்டு. யப்பானின் தெற்கே ககோஷிமா மாகாணத்தைச் சேர்ந்த கொஷிகி தீவில் வருடக் கடைசி இரவில் நீள மூக்கு முகமூடியோடு 'தோஷிதொன்' என்ற தெய்வம் வீடுவீடாக வரும். பிள்ளைகளை அதட்டி, செய்த குறும்புகளைச் சொல்லிக்காட்டி, இனி ஒழுங்காக இருப்பேன் என்று சொல்லவைத்து, போகும்போது பெரிய அரிசி உருண்டை ஒன்றைப் பிள்ளையின் முதுகில் ஏற்றிவிட்டுப் போகும். 2009இல் யுனெஸ்கோ இதைத் தன் பட்டியலில் சேர்த்தது. அங்கே காசு இல்லை, உறை இல்லை. கொடை அரிசியாகவே நிற்கிறது. 'தோஷி' என்ற சொல்லே பழைய மொழியில் நெல் விளைச்சலைக் குறித்தது. வருடம் என்று எழுதும் சீன எழுத்தின் மிகப் பழைய வடிவம் கதிரைச் சுமந்து நிற்கும் ஆள். ஒரு விளைச்சல், ஒரு வருடம். காசு யப்பானின் பிள்ளைகள் எல்லோர் கைக்கும் பரவலாக வந்தது போருக்குப் பிந்திய வளர்ச்சிக்காலத்தில், நகரங்களில்தான். பெயர் மட்டும் நெல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

இதைப் படித்தபோது அப்புவின் வெற்றிலைச் சுருள் ஞாபகம் வந்தது. அதற்குள் காசு மட்டும் இருக்காது. பாக்கு, ஒரு பூ, சில நெல்மணி. சின்ன வயதில் காசை எடுத்துக்கொண்டு நெல்லை உதறிவிடுவோம். ஆச்சி ஏசுவா: "காசைத் துலைச்சாலும் நெல்லைத் துலைக்காதை." அந்த நெல் குதிருக்குள் போய்ச் சேரவேண்டும். யப்பானியப் பெயர் நெல்லை ஞாபகம் வைத்திருக்கிறது, கொடையிலிருந்து நெல் போய்விட்டது. நம் கொடையில் நெல் இன்னும் இருக்கிறது, பெயரில் நெல் இல்லை. நம் பெயரில் இருப்பது கை.

சீனத்தில் பிள்ளைகளுக்குச் சிவப்பு உறையில் கொடுக்கும் காசின் பெயருக்கு நேர்ப்பொருள் 'வருடத்தை அமுக்கும் காசு'. வருடத்தை ஏன் அமுக்கவேண்டும்? வருடத்துக்குரிய 'சுய்' என்ற சொல்லின் அதே ஒலியில் கேடு செய்யும் ஆவிக்கும் ஒரு சொல் உண்டு. காசை வைத்து அதை அமுக்கிவிடுகிறார்களாம். தெரிந்தே செய்த சிலேடையா, பின்னாளில் கண்டுபிடித்த விளக்கமா என்பதில் அவர்களுக்குள்ளும் இருவேறு பேச்சு. 2014 சனவரியில் வீசாட் செயலி இந்த உறையைத் தொலைபேசிக்குள் கொண்டுவந்தது. அமுக்குவதற்குக் காசும் இல்லை, தலையணைக்குக் கீழே வைக்க உறையும் இல்லை.

பெயரில் கையை வைத்திருப்பவர்கள் நாம் மட்டுமல்ல. விஷுவன்று கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் கொடுப்பது 'கைநீட்டம்'. நீட்டும் கை கொடுப்பவருடையது. ஸ்கொட்லாந்தில் வருடத்தின் முதல் திங்கட்கிழமை 'ஹான்சல் திங்கள்' எனப்பட்டது. ஹான்சல் என்பதன் முதற்பாதி கை. வேலைக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் அன்று கொடுத்த சிறு கொடை அது. சந்தையில் காலையில் வரும் முதற்காசுக்கும் அதே பெயர். பிரெஞ்சுக்காரரின் புத்தாண்டுக் கொடையான 'எத்ரென்' என்ற சொல்லும் முதல் விற்பனையைக் குறிக்கிறது. அதன் வேர் உரோமர் புத்தாண்டுக்குக் கொடுத்த 'ஸ்த்ரேனா'. ஒரு தேவதையின் தோப்பிலிருந்து ஒடித்து வந்த சிறு கிளைகளாக இருந்து பிறகு காசாக மாறியது. மீண்டும் அதே பாதை: முதலில் பச்சை, பிறகு நாணயம்.

முதற்காசும் புத்தாண்டுக் கொடையும் ஒரே சொல்லில் ஏன் சேர்கின்றன? இரண்டிலும் கேள்வி 'எவ்வளவு' என்பதில்லை. 'யார் கையால்' என்பதுதான். இதை வைத்துக்கொண்டு நம் சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம்.

'கை' பற்றிச் சண்டை இல்லை. 'விசேடம்' வடமொழியின் விசேஷம். ஷகரம் சொல்லின் நடுவில் டகரமாவது நன்னூல் வடமொழியாக்கத்தில் சொன்ன முறை. விஷம் விடமானதும் வேஷம் வேடமானதும் அப்படியே. மூலப்பொருள் வேறுபாடு, தனித்தன்மை. வைசேடிகம் என்ற தத்துவத்தின் பெயரும் இதிலிருந்துதான். தமிழில் அது சிறப்பு என்றும், வீட்டில் நடக்கும் நல்ல காரியம் என்றும் விரிந்தது.

இரண்டு சொல்லையும் ஒட்டும்போது நடுவில் மறைந்து நிற்கும் வேற்றுமை எது? அங்கேதான் முடிச்சு. கையில் கிடைத்த விசேடம் என்று கொண்டால் பெயர் வாங்குபவருடையது, காசுதான் விசேடம். கையால் செய்யும் விசேடம் என்றால் அது ஒரு சடங்கின் பெயர். கையினது விசேடம் என்றால் கொடுப்பவரின் கைதான் சிறப்பு, காசும் நெல்லும் அந்தக் கையின் அடையாளம் மட்டும்.

பெரும்பாலோர் முதலாவதைத்தான் சொல்வார்கள். கேட்கவும் எளிதாக இருக்கிறது. நான் மூன்றாவதை எடுக்கிறேன். கொக்கிளாயில் கையைப் பற்றிய பேச்சு எப்படிப் போகும் என்று தெரிந்தவர்களுக்கு இது பிடிபடும். கரைவலைக்காரர் ஊர் அது. வருடம் பிறந்து முதல் வலை வளைக்கும்போது கயிற்றை முதலில் யார் தொடுவது என்பதற்குச் சம்மாட்டி யோசிப்பார். "அவற்றை கை நல்ல கை" என்பார்கள். விதைநெல்லில் முதற்பிடி யார் அள்ளுவது, புதுத்தோணியில் முதல் யார் ஏறுவது, கன்று ஈன்ற மாட்டில் முதல் யார் கறப்பது, எல்லாவற்றுக்கும் கை பார்ப்பார்கள். கைராசி என்று தமிழ்நாட்டில் சொல்வதும் இதே எண்ணம்தான். வருடப்பிறப்பன்று எங்கள் வளவில் பிள்ளைகள் முதலில் போனது அதிகம் கொடுக்கக்கூடிய மாமாவிடம் இல்லை. அவர் கொழும்பில் உத்தியோகம், தாள் காசு கொடுப்பார். ஆனால் முதலில் அப்புவிடம்தான் அனுப்புவார்கள். அப்பு கொடுப்பது ஒரு ஐம்பது சதக் குற்றி. முதற்கை அவருடையதாக இருக்கவேண்டும். கொடை காசென்றால் இந்த வரிசைக்குப் பொருளே இல்லை.

இன்னொரு சாட்சி பஞ்சாங்கம். வாக்கியமானாலும் திருக்கணிதமானாலும், புண்ணியகாலம், உடுக்கவேண்டிய நிறம், மருத்துநீர் இவற்றுக்குப் பிறகு கைவிசேடத்துக்கென்று தனியே நேரங்கள் போட்டிருக்கும். வருடப்பிறப்பன்று மட்டுமில்லை, பின்வரும் நாட்களிலும். கொடுக்கும் தொகையைப் பற்றி ஒரு சொல் இராது. கை நீளும் கணத்துக்குத்தான் முகூர்த்தம்.

இனி ஆச்சியின் 'வியளம்'. படித்தவர்கள் அதைக் கொச்சை என்று தள்ளிவிடுவார்கள். எனக்கு அதுதான் மிக முக்கியமான தடயம். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் விசளம், வியளம் என்ற சொல் தனியே உண்டு. பொருள்: செய்தி. செத்தவீட்டு வியளம் சொல்ல ஆள் அனுப்புவார்கள். மலையாளத்தில் விசேஷம் என்றால் சேதி என்பதையும் சேர்த்துப் பார்த்தால் மூன்றும் ஒரே வேரில் போய் முட்டுகின்றன. சகரம் யகரமாவது நமக்குப் புதிதில்லை: தேசம் தேயம், நேசம் நேயம், ஆகாசம் ஆகாயம். டகரம் நாக்கை மடித்து ழகர ளகரப் பக்கம் சரிவதற்கும் பழைய சாட்சிகள் உண்டு: கருடன் கலுழனானான், நாடிகை நாழிகையானது. விசேடம், விசளம், வியளம் என்று படியிறங்கி வந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

அப்படியென்றால் கைவியளம் என்பது 'கையால் வரும் செய்தி'யா? இந்தப் பொருள் மனதைக் கவர்கிறது. புத்தாண்டு பிறந்ததென்ற சேதியைப் பெரியவரின் கை சிறியவருக்குச் சொல்கிறது என்று ஒரு அழகான கட்டுரை எழுதிவிடலாம். அழகாக இருப்பதுதான் எனக்குச் சந்தேகம் தருகிறது. நரகத்தில் தொங்கும் உயிர்களும் அழகான படம்தான். இழவு வியளம் என்று சொல்லும் அதே வாய் வருடத்தன்று கைவியளம் என்கிறது. அதைச் சொல்லும்போது யாரும் செய்தியை நினைப்பதில்லை. நான் இதிலிருந்து எடுப்பது சின்ன முடிவு. இவ்வளவு ஒலிமாற்றம் ஒரு தலைமுறையில் நடக்காது. சொல் பஞ்சாங்கத்திலிருந்து வீட்டுக்கு அண்மையில் இறங்கியிருந்தால் எல்லோரும் கைவிசேடம் என்றே சொல்லியிருப்பார்கள். ஆகவே இது வெகுகாலம் வாயில் புழங்கிய வீட்டுச்சொல். பஞ்சாங்கக்காரர் அதற்கு வேட்டி சால்வை உடுத்தி 'விசேடம்' ஆக்கினார். வாழ்த்து அட்டைக்காரர் சால்வையை முறுக்கி 'விஷேசம்' ஆக்கினார்.

விஷு என்ற சொல்லிலிருந்து கைவிசேடம் வந்திருக்கலாமோ என்றும் ஒருவருக்குத் தோன்றக்கூடும். பஞ்சாங்கத்தில் 'விஷு புண்ணியகாலம்' பக்கத்திலேயே கிடக்கிறது. ஒலி ஒற்றுமை பாதியில் நின்றுவிடுகிறது. 'டம்' எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதில் இல்லை. மலையாளிகள் விஷுவைப் பெயரில் வைத்தபோது அதைக் கையின் முன்னால் வைத்து விஷுக்கைநீட்டம் என்றார்கள். ஆனால் விஷு தன்னளவில் ஒரு வேடிக்கையான சொல். இரவும் பகலும் சமமான நாள் என்பதே அதன் பொருள். இன்று சமநாள் வருவது மார்ச் 20, 21இல். சூரியன் மேடத்தில் புகுவதாக நாம் கணிப்பது ஏப்ரல் 14இல். பூமியின் அச்சு ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு நாள் என்ற அளவில் மெல்லச் சுழல்வதால் இரண்டும் விலகிப்போய்விட்டன. இடைவெளி இன்று மூன்று கிழமைக்கு மேல். நாள் நகர்ந்தது, பெயர் நகரவில்லை.

கையை வைத்துக் கொடையைச் சொல்வது தமிழில் மிகப் பழைய பழக்கம். அகத்துறையில் தலைவன் தலைவிக்குத் தோழி மூலம் கொண்டுவரும் தழை 'கையுறை'. அரசனைக் காணப்போகிறவன் கையில் கொண்டுபோவதும் கையுறை. திருப்பிச் செய்வது கைம்மாறு, இரவல் கைமாற்று, லஞ்சம் கையூட்டு. கையுறை மேல்நோக்கிப் போகும் கொடை: சிறியவன் பெரியவனிடம் கொண்டுபோவது. கைவியளம் கீழ்நோக்கி வருவது. இதிலும் யப்பானியர் நமக்குத் துணை. பெரியவரிடம் கொண்டுபோகும் புத்தாண்டுக் கொடைக்கு 'ஓநெங்கா' என்று வேறு பெயர்; ஓதோஷிதமா கீழ்நோக்கி மட்டும்.

சிங்கள அயலவர் இரண்டு திசையையும் ஒரே சொல்லில் கட்டியிருக்கிறார்கள். அவர்களுடைய புத்தாண்டுக் கொடை 'கனுதெனு'. எடுத்தல், கொடுத்தல். நாம் 'கொடுக்கல் வாங்கல்' என்று கொடுப்பதை முன்னே வைக்கிறோம், அவர்கள் எடுப்பதை முன்னே வைக்கிறார்கள். இதை வைத்து இரண்டு இனங்களின் குணம் பற்றி யாராவது பேசத் தொடங்கினால் எழுந்து போய்விடவேண்டும். எனக்குப் பிடித்தது அவர்கள் கிணற்றோடு செய்யும் கனுதெனு. வீட்டுப்பெண் உப்பும் கரியும் காசும் ஒரு துணியில் முடிந்து கிணற்றுக்குள் போட்டு முதல் தண்ணீர் அள்ளுவாள். வருடம் முழுவதும் கொடுக்கப்போகும் கிணற்றுக்கு மனிதர் கொடுக்கும் கைவியளம். வங்கிகளும் அன்று நல்ல நேரத்தில் மேசை போட்டு வைப்புப்பணம் வாங்குகின்றன. மிட்டாய்ச் சங்கத்தின் உறவினர்கள். கொக்கிளாய்க் களப்பின் மறுகரையில் புல்மோட்டை முஸ்லிம்களுக்குப் பெருநாள் காசு. அந்தப் பெயரில் ஒரு புதிரும் இல்லை, நாளும் காசும்தான். பெயர் ஆராய்பவனுக்கு ஏமாற்றம், பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை.

ஆங்கிலேயர் விட்டுப்போன கொடைநாள் ஒன்றும் இருக்கிறது. நத்தாரின் மறுநாளான 'பொக்சிங் டே'. தேவாலயத்தின் தர்மப்பெட்டி திறந்த நாள் என்பது ஒரு விளக்கம். வேலைக்காரரும் கடிதம் கொண்டுவருபவரும் வீடுவீடாகக் கொடைப்பெட்டி வாங்கிய நாள் என்பது மற்றது. முல்லைத்தீவுக் கரையில் யாரிடமும் டிசெம்பர் 26 என்றால் பெட்டி ஞாபகம் வராது. 2004க்குப் பிறகு அந்த நாளுக்கு இங்கே ஒரே பெயர்தான்: சுனாமி.

என் ஊருக்கும் டிசெம்பர் வேறொரு மாதம். 1984 டிசெம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிச் சனம் உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டது. 1985 சித்திரை வருடப்பிறப்பு எங்களுக்கு முல்லைத்தீவுப் பக்கம் உறவுக்காரர் வளவில். மருத்துநீர் கோயிலில் கிடைத்தது. புது உடுப்பு இல்லை. அப்பு எங்களை வரிசையாக நிற்கவைத்து வெற்றிலை கொடுத்தார். நான் சுருளை விரித்துப் பார்த்தேன், காசு இல்லை. நெல்லும் இல்லை. வெற்றிலையும் பாக்கும் மட்டும். தம்பி அழத் தொடங்கினான். ஆச்சி சொன்னா: "அப்புவின்ர கையால வாங்கியாச்செல்லே. பிறகென்ன." அன்றைக்கு அது எனக்குச் சமாதானமாகப் படவில்லை. கையினது விசேடம் என்ற மூன்றாவது பிரிப்பை நான் எடுப்பதற்கு இலக்கண நியாயங்கள் மேலே சொன்னேன். உண்மையான காரணம் அந்த வெறும் வெற்றிலையாகவும் இருக்கலாம்.

போர் முடிந்து சில ஆண்டுகளில் சனம் ஊருக்குத் திரும்பியது. 1951இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட களப்பில் பறவைகள் இப்போதும் வருகின்றன. கரைவலைப் பாடுகளைப் பற்றிய வழக்கும் வாதமும் தொடர்கின்றன. வயல்களில் ஒரு பகுதி இன்னும் கைக்கு வரவில்லை. அப்பு இல்லை. கைவியளம் கொடுக்கும் முதற்கை இப்போது என் அம்மாவினுடையது.

அவவுக்கு இதில் ஒரு புதுச்சிக்கல். பிள்ளைகள் பாதிப்பேர் கனடாவிலும் பிரான்சிலும், பேத்தி ஒருத்தி யப்பானில். அங்கிருந்து பேரப்பிள்ளைகளுக்கென்று காசு பங்குனியிலேயே வங்கிக்கு வந்துவிடும். "கைவியளம் போட்டிருக்கிறன் அம்மா" என்று தொலைபேசியில் சொல்வார்கள். அம்மா அதைக் கைவியளம் என்று ஒப்புக்கொள்வதில்லை. "காசு வந்திருக்கு" என்பா. வங்கியில் எடுத்துக் கொண்டுவரச் சொல்லி, மாற்றிய தாள்களைச் சாமியறையில் வைத்து, பஞ்சாங்கத்து நேரம் வந்ததும் ஒவ்வொன்றாக வெற்றிலையில் சுருட்டித் தன் கையால் கொடுத்தபிறகுதான் அது கைவியளம் ஆகும். தூரத்தில் இருப்பவர்களுக்குரிய சுருள்களை எடுத்து ஆளுக்கொரு பிஸ்கற் ரின்னுக்குள் போட்டு வைக்கிறா. யப்பான்காரியின் ரின்னில் இப்போது மூன்று வருடச் சுருள் இருக்கிறது. வெற்றிலை கருகி, காசில் கறை பிடித்துவிட்டது.

உள்ளே வைக்கும் நெல்லுக்கு எங்களிடம் இப்போது வயல் இல்லை. ஒவ்வொரு பங்குனியிலும் குமுழமுனையில் தெரிந்த ஒருவரிடம் ஒரு பிடி கேட்டு வாங்கி வருகிறேன். விலை சொல்லமாட்டார். இந்த முறை மருமகளுக்குச் சொல்ல விடை கிடைத்ததா என்று அம்மா கேட்டா. சொன்னேன். கேட்டுவிட்டு, "அதுக்கேன் இவ்வளவு புத்தகம்" என்றா. பிறகு நெல்லைச் சுளகில் கொட்டிப் பதர் பார்க்கத் தொடங்கினா.